திடீரென்று எகிறும் பி.பி.யும் அட்ரினல் கட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் அபூர்வமாக வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: எனக்கு 38 வயது. வாரத்தில் இரண்டு மூன்று முறை திடீரென்று தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சட்டை தொப்பலாக நனைந்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. டாக்டரிடம் போய் உட்காரும்போது பி.பி. 130/84. 'டென்ஷன்தான்' என்று அனுப்பிவிடுகிறார்கள். இது அட்ரினல் கட்டியாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் வாய்ப்பு குறைவு. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 முதல் 8 பேருக்குத்தான் இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்காக மருத்துவரிடம் வருகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு 2 முதல் 6 பேர். பதற்ற நோய், மாதவிடாய் நிற்கும் காலம், தைராய்டு கூடுதலாகச் சுரப்பது எல்லாம் இதைவிடப் பல மடங்கு சாதாரணம். ஆனால் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் கூட்டாக வந்து கூட்டாகப் போகிறது என்கிறீர்களே, அதுதான் இந்தக் கட்டியின் பழைய அடையாளம். டென்ஷன் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடவேண்டும்.

அடுத்த முறை வரும்போது கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். இந்தக் கட்டியின் அலையில், அதாவது அறிகுறிகள் திடீரென்று பொங்கி வரும் நேரத்தில், பெரும்பாலும் முகம் வெளிறும், விரல் நுனி சில்லிடும். முகம் குப்பென்று சிவந்தால் மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கை போன்ற வேறு காரணங்களை முதலில் தேடுவோம். பதற்ற நோயில் பயம் முன்னே வந்து உடம்பு பின்னால் வரும் என்பார்கள். அதை ரொம்ப நம்பவேண்டாம். கட்டி ரத்தத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டினால் 'செத்துவிடுவோமோ' என்ற பயமும் தானாகவே வரும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் மனப்பதற்ற மாத்திரை மட்டும் கொடுக்கப்படுவது இதனால்தான்.

மேல்கையில் பட்டை கட்டும் பி.பி. கருவி ஒன்று கைவசம் இருக்கட்டும். அலை வந்ததும் அளவெடுங்கள், 15 நிமிடம் கழித்து ஒருமுறை, அடங்கிய பிறகு ஒருமுறை. நோட்டில் இப்படி ஒரு வரி போதும்: 'மாலை 6.10. ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். முகம் வெளுப்பு, கை சில்லென்று. பி.பி. 208/116, நாடி 118. மணி 6.35க்கு 134/82. காலையில் சளி மாத்திரை ஒன்று போட்டேன்.' குனிந்தது, பாரம் தூக்கியது, வயிறு முட்டச் சாப்பிட்டது, சிறுநீர் கழித்தது, அன்று விழுங்கிய மாத்திரை எல்லாம் அதில் இருக்கவேண்டும். இப்படி நாலைந்து வரி எழுதிய நோட்டைப் பார்த்த எந்த மருத்துவரும் 'டென்ஷன்' என்று உங்களை அனுப்பமாட்டார்.

கேள்வி: இத்தனூண்டு சுரப்பி எப்படி இந்த ஆட்டம் போடுகிறது? பெயரும் வாயில் நுழையவில்லை.

பதில்: சுரப்பியின் எடை நாலைந்து கிராம்தான். அதன் தோல்பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டீரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. நடுப்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டையும். நடுப்பகுதியின் செல்களில் வரும் கட்டிதான் ஃபியோகுரோமோசைட்டோமா. அதே வகைச் செல்கள் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் உண்டு. அங்கே வந்தால் பாராகேங்கிலியோமா. பத்தில் எட்டுக்கும் மேல் அட்ரினலுக்குள்ளேதான். பெயர் கிரேக்கம்: மங்கிய நிறச் செல்லின் கட்டி என்று பொருள், குரோமியம் உப்பு பட்டால் செல் பழுப்பாவதால் வந்தது. லுட்விக் பிக் என்ற நோய்க்குறியியலாளர் 1912இல் வைத்த பெயர். நோயை அதற்கு முன்பே 1886இல் ஃபெலிக்ஸ் ஃபிரெங்கல் ஒரு 18 வயதுப் பெண்ணிடம் விவரித்துவிட்டார்.

ஆபத்தில் ஓடவோ மோதவோ உடம்பைத் தயார் செய்யும் ரசாயனம் இது. கட்டி அதை வேளைகெட்ட வேளையில் கொட்டுகிறது. நார்அட்ரினலின் ரத்தக் குழாய்களின் ஆல்ஃபா ஏற்பிகளைப் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) பிடித்து இறுக்க, அழுத்தம் எகிறுகிறது. இதயத்தின் பீட்டா ஏற்பிகள் தூண்டப்பட நாடி துள்ளுகிறது. குழாய்கள் மாதக்கணக்கில் இறுகியே கிடந்தால் உடம்பு ரத்தத்தின் நீரளவைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்தால் 180 காட்டுகிறவருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றி 110க்கு இறங்குகிறது. அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த நீர்ப் பற்றாக்குறை திரும்ப வரும்.

எல்லோருக்கும் அலை அலையாக வருவதில்லை. பாதிப் பேருக்கு அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும், அதன்மேல் சிலருக்கு அலையும் வரும். அழுத்தம் ஏறாமலே இருக்கிறவர்களும் உண்டு. எடை குறைவது, புதிதாகச் சர்க்கரை ஏறுவது, மலச்சிக்கல் ஆகியவற்றையும் இது கூட்டிவரும்.

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. மூன்று மாத்திரை போட்டும் பி.பி. 160க்குக் கீழே வரவில்லை. அலை, வியர்வை எதுவும் இல்லை. இந்தக் கட்டிக்குப் பரிசோதிக்கலாமா?

பதில்: பரிசோதிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதே அட்ரினலில் வேறொரு ஆளைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்: அளவுக்கு மீறிச் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன். ஜெரோம் கான் 1955இல் விவரித்த இந்தக் கோளாறு அபூர்வமே அல்ல. மாத்திரைக்கு அடங்காத பி.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கும். பொட்டாசியம் குறைந்தால்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் ஒன்றாக எடுத்து விகிதம் பார்க்கவேண்டும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டுக் குறட்டை விடுகிறாரா, மூட்டுவலிக்கு வலிமாத்திரை தொடர்ந்து விழுங்குகிறாரா என்பதையும் கூடவே பாருங்கள். பாதிக் கேஸ்கள் இங்கேயே பிடிபடும்.

ஃபியோகுரோமோசைட்டோமா பரிசோதனை கட்டாயம் தேவைப்படுகிறவர்கள்: அலை வருகிறவர்கள், வாந்தி ஊசியோ ஸ்டீராய்டோ மயக்க மருந்தோ கொடுத்தபோது பி.பி. தாறுமாறானவர்கள், ஸ்கேனில் தற்செயலாக அட்ரினல் கட்டி தெரிந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கட்டி வந்தவர்கள், சிறு வயதிலேயே காரணம் புரியாமல் பி.பி. வந்தவர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையா, 24 மணி நேரச் சிறுநீரா? எப்படித் தயாராவது?

பதில்: இரண்டில் எதுவும் சரி. ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும். இந்த நோயில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கே ஆரம்பிக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அளக்கவேண்டியது அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் அல்ல, முறையே மெட்டாநெஃப்ரின், நார்மெட்டாநெஃப்ரின் என்ற அவற்றின் சிதைபொருள்களை. கட்டி அட்ரினலினை நினைத்தபோது கொட்டும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டி செல்லுக்குள்ளேயே அட்ரினலின் ஓயாமல் மெட்டாநெஃப்ரினாக மாறி வெளியே கசிந்துகொண்டிருக்கும். அலைக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. ரத்த மெட்டாநெஃப்ரின் சரியான முறையில் எடுக்கப்பட்டு இயல்பாக வந்தால் கட்டி இல்லை என்றே அநேகமாகச் சொல்லிவிடலாம்.

ரத்தம் கொடுக்கும் முன்: முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. காப்பி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். ஆய்வகத்தில் கையில் ஊசிக்குழாயைப் போட்டுவிட்டு, குளிரில்லாத அறையில் 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுக்கவேண்டும். அப்படிப் படுத்தபடியே ரத்தம் எடுக்கவேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தால் நார்மெட்டாநெஃப்ரின் கூடிவிடும், இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேன் ஸ்கேனாக அலையவேண்டிவரும். 'படுக்கவைத்து எடுப்பீர்களா?' என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அந்த ஆய்வகத்தில் சிறுநீர்ப் பரிசோதனையே மேல்.

சிறுநீர் என்றால், காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போவது எல்லாம், ஒரு சொட்டு விடாமல், கேனுக்குள். மறுநாள் காலை அதே 6 மணிக்கு வருவதையும் பிடித்துச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. பலர் முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்துவிடுகிறார்கள், அல்லது மலம் கழிக்கும்போது போவதை மறந்துவிடுகிறார்கள். கேனின் அடியில் பெரும்பாலும் அமிலம் ஊற்றியிருப்பார்கள். நேரடியாக அதில் போகாதீர்கள், தெறித்தால் தோல் வெந்துவிடும். சுத்தமான குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். கேன் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். கூடவே கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளையும் அளக்கச் சொல்லுங்கள். சேகரிப்பு முழுமையா, அரைகுறையா என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்துகளில் அமிட்ரிப்டிலின் வகை, வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெட்டின், லெவோடோபா, மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், பினாக்ஸிபென்சமின் ஆகியவை அளவை ஏற்றிக்காட்டும். சில ஆய்வக முறைகளில் பாராசிட்டமாலும் குறுக்கிடும், ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மன அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். என்ன போடுகிறீர்கள் என்று பட்டியல் கொடுங்கள், நிறுத்துவதா மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: நார்மெட்டாநெஃப்ரின் உச்சவரம்பைவிட 1.4 மடங்கு வந்திருக்கிறது. பயத்தில் தூக்கம் போய்விட்டது.

பதில்: தூங்குங்கள். இந்த அளவில் வரும் முடிவுகளில் பெரும்பாலானவை பொய் எச்சரிக்கை. உட்கார்ந்து கொடுத்த ரத்தம், மேலே சொன்ன மாத்திரைகள், சிகிச்சை எடுக்காத தூக்க மூச்சுத்தடை, சிறுநீரகக் கோளாறு என்று காரணம் பல. வயது ஏற ஏற நார்மெட்டாநெஃப்ரினின் இயல்பான வரம்பும் உயரும். எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பைப் போட்டால் வயதானவர்கள் வீணாக மாட்டிக்கொள்வார்கள். மூன்று மடங்கைத் தாண்டினாலோ, இரண்டு பொருளும் சேர்ந்து கூடியிருந்தாலோதான் சந்தேகம் வலுக்கிறது. உங்களுக்கு அடுத்த வேலை, காரணமான மருந்தை விலக்கிவிட்டு, படுத்தபடி மறுபடியும் ஒரு ரத்தம். அதுவும் இரண்டும்கெட்டானாக வந்தால் குளோனிடின் பரிசோதனை உண்டு: மூளை வழியாக நரம்புகளை அடக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்து மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, சாதாரண ஆளுக்கு நார்மெட்டாநெஃப்ரின் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். கட்டி மூளையின் பேச்சைக் கேட்காது, அதனால் இறங்காது.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி.யில் வலது அட்ரினலில் 2.8 செ.மீ. கட்டி. ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தால் தெரிந்துவிடாதா?

பதில்: கூடாது. மெட்டாநெஃப்ரின் முடிவு கைக்கு வருமுன் அட்ரினல் கட்டியில் ஊசியைக் குத்தக்கூடாது. ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்து ஊசி பட்டால், உள்ளே இருக்கும் சரக்கு மொத்தமாகக் கொட்டி உயிருக்கே உலை வைத்துவிடும்.

பயாப்ஸி இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். சி.டி. அறிக்கையில் சாயம் ஏற்றாமல் எடுத்த படத்தில் கட்டியின் அடர்த்தி எத்தனை ஹவுன்ஸ்ஃபீல்டு என்று இருக்கிறதா பாருங்கள். கட்டி முழுக்க ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கொழுப்பு நிறைந்த சாதாரணக் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று அடித்துச் சொல்லலாம். பத்துக்கு மேல் என்றால் மெட்டாநெஃப்ரின் பார்க்காமல் விடக்கூடாது. கூடவே இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் சுரப்பை அடக்கும் மாத்திரை) விழுங்கி, காலை 8 மணிக்குக் கார்டிசால் பார்ப்பதும், பி.பி. இருந்தால் ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதமும் உண்டு. அட்ரினல் கட்டி என்றாலே ஆபத்து என்று இல்லை. வயிற்று சி.டி. எடுக்கிறவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு ஏதாவதொரு கட்டி தெரியும், பெரும்பாலானவை சும்மா இருப்பவை.

கட்டியைத் தேடுவதற்காகவே ஸ்கேன் எடுப்பதானால் முதலில் மெட்டாநெஃப்ரின், பிறகுதான் படம். மெட்டாநெஃப்ரின் கூடியிருந்தால் கட்டி பெரும்பாலும் அட்ரினலுக்குள் இருக்கும். நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதிக்குப் பக்கத்திலிருந்து ஊறும் கார்டிசால் தேவை, அது அட்ரினலில்தான் கிடைக்கும். நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் கூடியிருந்தால் அட்ரினலைப் பார்ப்பதோடு நிற்காமல் இடுப்புவரைக்கும் தேடவேண்டும்.

கேள்வி: படபடப்புக்கு புரோப்ரனலால் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பி.பி. 220ஐத் தொட்டு, மூச்சு வாங்கி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். பி.பி. மாத்திரையே பி.பி.யை ஏற்றுமா?

பதில்: இந்தக் கட்டி இருப்பவருக்கு ஏற்றும். அப்படி ஏறியதே ஒரு துப்பு. அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பி வழியாகக் குழாய்களை இறுக்குகிறது, பீட்டா ஏற்பி வழியாகத் தசைகளுக்குப் போகும் குழாய்களைத் தளர்த்தவும் செய்கிறது. புரோப்ரனலால் பீட்டாவை அடைத்ததும் தளர்த்தும் கை கட்டப்பட்டு, இறுக்கும் கை மட்டும் மிச்சம். அதே நேரத்தில் இதயத்தின் வேகத்தையும் வலுவையும் அந்த மாத்திரை குறைக்கிறது. இறுகிய குழாய்க்கு எதிராகச் சோர்ந்த இதயம் தள்ளவேண்டும். தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. உங்களுக்கு மூச்சு வாங்கியது அதனால்தான் இருக்கவேண்டும்.

அதனால் முதலில் ஆல்ஃபா, பிறகுதான் பீட்டா. ஆல்ஃபா அடைப்பு மருந்து ஆரம்பித்து மூன்று நான்கு நாள் கழித்து, நாடி வேகமாக இருந்தால் மட்டும் பீட்டா சேர்ப்போம். 'லேபெட்டலால் இரண்டையும் அடைக்குமே' என்று கேட்பார்கள். அடைக்கும். ஆனால் வாய்வழியாகக் கொடுக்கும்போது ஆல்ஃபாவைவிட பீட்டாவை மூன்று மடங்கு அடைக்கும், ஊசியில் ஏழு மடங்கு. முதல் மருந்தாக அதுவும் சரிப்படாது. மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்யாமல் இனி எந்த பீட்டா மாத்திரையும் தொடாதீர்கள்.

கேள்வி: கட்டி உறுதியாகிவிட்டது. 'அறுவைக்கு இரண்டு வாரம் ஆகும், நிறைய உப்பும் தண்ணீரும் சேருங்கள்' என்கிறார்கள். பி.பி.காரருக்கு உப்பா? ஏன் உடனே எடுக்கக் கூடாது?

பதில்: தயாரிக்காமல் கத்தி வைத்த காலத்தில் எத்தனையோ பேர் மேசையிலேயே இறந்திருக்கிறார்கள். 1926இல் லோசானில் செசார் ரூவும், அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் தனித்தனியாக இந்தக் கட்டியை வெற்றிகரமாக எடுத்தது இன்றுகூட எங்களுக்கு ஆச்சரியம்தான். அப்போது ஆல்ஃபா அடைப்பு மருந்தே கிடையாது.

அறுவைக்கு 7 முதல் 14 நாள் முன்பு ஆல்ஃபா மருந்து தொடங்கும். பினாக்ஸிபென்சமின் என்றால் 10 மி.கி. காலை, இரவு என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஏற்றுவோம். டாக்ஸாசோசின் என்றால் நாளுக்கு 2 மி.கி.யில் தொடங்கித் தேவைக்கேற்ப 32 மி.கி. வரை போகலாம். இறுகிக் கிடந்த குழாய்கள் தளரும்போது உள்ளே ஓட ரத்தம் போதாது. முன்னே சொன்ன நீர்ப் பற்றாக்குறை இங்கே வந்து நிற்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் உப்பும் தண்ணீரும். மருந்து தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து சில மையங்கள் நாளுக்கு 5 கிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ 13 கிராம் உப்பு வரை சேர்க்கச் சொல்கின்றன. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இது பொருந்தாது. மருந்து தொடங்கும் முன்பே நீங்களாக உப்பைக் கூட்டிவிடவும் கூடாது.

போதுமான அளவுக்கு அடைபட்டதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளவெடுங்கள், எழுந்து நின்று ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளவெடுங்கள். உட்கார்ந்தபோது 130/80க்குக் கீழே, நின்றபோது மேல் அளவு 90க்குக் குறையாமல். நாடி உட்கார்ந்தபோது 60–70, நின்றபோது 70–80. இதுதான் இலக்கு. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கொஞ்சம் தளர்த்துவோம்.

மூக்கு அடைக்கும், எழுந்தால் கிறுகிறுக்கும், ஆண்களுக்கு விந்து வெளியேறாமல் போகலாம். மூக்கடைப்பு ஒருவகையில் நல்ல சேதி, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்காகச் சளி மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் இரண்டு வார உழைப்பைக் கெடுத்துவிடும். படுக்கையிலிருந்து நேராக எழுந்து நடக்காமல், காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள்.

அறுவை அன்று இத்தனைக்குப் பிறகும் அழுத்தம் துள்ளும். தொண்டைக்குள் மூச்சுக்குழாய் போடும்போது, வயிற்றுக்குள் வாயு ஏற்றும்போது, முக்கியமாகக் கட்டியைத் தொடும்போது. மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி ஒவ்வொரு துடிப்புக்கும் அளவு பார்த்தபடி, சில நொடிகளில் வேலை செய்யும் மருந்துகளைக் கையில் வைத்திருப்போம். அட்ரினல் சுரப்பியின் சிரையைக் கிளிப் போட்டு மூடியதும் காட்சி தலைகீழாகும். அட்ரினலின் வரத்து நின்று அழுத்தம் மடமடவென்று விழும். நிரப்பி வைத்த உப்பும் நீரும் கைகொடுப்பது அந்த நிமிடத்தில்தான். கட்டி 6 செ.மீ.க்குக் குறைவு என்றால் பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே எடுத்துவிடலாம். பெரிது, பக்கத்து உறுப்புகளைப் பற்றியது என்றால் திறந்துதான்.

அன்று இரவு பி.பி.யைவிடச் சர்க்கரைதான் எங்களைத் தூங்கவிடாது. அத்தனை நாள் கட்டி இன்சுலினை அமுக்கி வைத்திருந்தது. கட்டி போனதும் இன்சுலின் பீறிட்டு வந்து சர்க்கரை சரேலென்று இறங்கும். மயக்க மருந்தின் கிறக்கத்தில் இருப்பவரிடம் அதன் அறிகுறி தெரியாது. முதல் 24 மணி நேரம் விரலைக் குத்திக் குத்திப் பார்ப்பது அதற்காக. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சிறுநீர் கழித்தவுடன் மட்டும் தலைவலியும் படபடப்பும் வருகிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: நாங்கள் சிரிக்கமாட்டோம். சிறுநீர்ப்பையின் சுவரில் பாராகேங்கிலியோமா இருந்தால் இப்படித்தான் வரும். பை சுருங்கும்போது கட்டி பிசையப்படுகிறது. சிறுநீரில் ரத்தம் வந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெட்டாநெஃப்ரின் முடிவு வரும்வரை உள்நோக்கிக் குழாய் விட்டுச் சதை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தங்கை 14 வார கர்ப்பிணி. பி.பி. 170/105, அலை அலையாக வருகிறது. கர்ப்பகால பி.பி. என்கிறார்கள்.

பதில்: கர்ப்பகால பி.பி. 20 வாரத்துக்குப் பிறகு வருவது. 14 வாரத்திலேயே, அதுவும் சிறுநீரில் புரதம் இல்லாமல், அலையாக வருகிறது என்றால் இந்த வாரமே மெட்டாநெஃப்ரின் பாருங்கள். படத்துக்குச் சாயம் ஏற்றாத எம்.ஆர்.ஐ. போதும். இப்போதே தெரிந்தால் ஆல்ஃபா மருந்தோடு 24 வாரத்துக்குள் அறுவை செய்துவிட முடியும். தெரியாமல் பிரசவ வலி வந்தால் தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: அண்ணனுக்கு இந்தக் கட்டியை எடுத்தார்கள். நானும் என் பிள்ளைகளும் மரபணுப் பரிசோதனை செய்யவேண்டுமா?

பதில்: முதலில் அண்ணன். இந்தக் கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், பிறவியிலேயே மரபணுக் கோளாறு இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றாலும் பரிசோதனை தேவை. அண்ணனிடம் ஆர்.இ.டி., வி.எச்.எல்., என்.எஃப்.1, எஸ்.டி.எச். குடும்பம் போன்ற மரபணுக்களைத் தொகுப்பாகப் பார்ப்பார்கள். கோளாறு கிடைத்தால் உங்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், பதில் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். அண்ணனை விட்டுவிட்டு உங்களிடமிருந்து ஆரம்பித்தால், 'ஒன்றும் இல்லை' என்று வரும் முடிவை நம்பலாமா கூடாதா என்றே தெரியாது.

உங்களுக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எஸ்.டி.எச். குடும்பத்தில் எஸ்.டி.எச்.டி. மட்டும் விசித்திரமானது: அப்பாவிடமிருந்து வந்தால்தான் அநேகமாகக் கட்டி உண்டாகும், அம்மாவிடமிருந்து வந்தால் சும்மா சுமந்துகொண்டிருப்பார்கள். எஸ்.டி.எச்.பி. என்றால் கட்டி பரவும் வாய்ப்பு கூடுதல், கண்காணிப்பு சிறுவயதிலேயே தொடங்கவேண்டும். ஆர்.இ.டி. என்றால் தைராய்டில் புற்றுநோய் வரக்கூடும், அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் தைராய்டு அறுவைக்குப் போகுமுன் அட்ரினல் கட்டி இல்லை என்று உறுதி செய்யவேண்டும், இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.

கேள்வி: மூன்று வருடம் முன் எடுத்தாயிற்று. அறிக்கையில் 'சாதாரணக் கட்டி' என்று இருந்தது. பி.பி. இன்னும் 140ஐ ஒட்டியே இருக்கிறது. பரிசோதனையைத் தொடரவேண்டுமா?

பதில்: தொடருங்கள். நுண்ணோக்கியில் பார்த்து 'இது ஒருபோதும் பரவாது' என்று யாராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே சாதாரணக் கட்டி, புற்றுக்கட்டி என்ற பிரிவை எடுத்துவிட்டது. இந்த வகைக் கட்டிகள் எல்லாமே பரவும் திறன் உள்ளவை என்பதுதான் இப்போதைய கணக்கு. பெரும்பாலானவை பரவுவதில்லை. பரவினால் எலும்பு, ஈரல், நுரையீரல், நிணநீர் முடிச்சு. அதுவும் பத்து ஆண்டு கழித்துக்கூட. அதனால் அறுவைக்குப் பிறகு 2 முதல் 6 வாரத்தில் ஒரு மெட்டாநெஃப்ரின், பிறகு ஆண்டுக்கு ஒன்று, குறைந்தது பத்து ஆண்டு. மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கும், கட்டி பெரிதாக இருந்தவர்களுக்கும் ஆயுள் முழுக்க.

பி.பி. 140 இருப்பதால் கட்டி திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். பல ஆண்டு இறுகிய குழாய்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை, வயதோடு வரும் சாதாரண பி.பி.யும் உண்டு. மெட்டாநெஃப்ரின் இயல்பாக இருந்தால் மற்றவர்களைப் போல மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

பரவியவர்களுக்கும் வழி இருக்கிறது: கதிரியக்கம் ஏற்றிய எம்.ஐ.பி.ஜி., லூட்டீஷியம் ஏற்றிய டோட்டடேட் (இரண்டும் கட்டியைத் தேடிப்போய்க் கதிர்வீச்சைச் செலுத்தும் மருந்துகள்), கீமோ, சுனிட்டினிப் மாத்திரை. 2025இல் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்கே அனுமதி கிடைத்திருக்கிறது. பலருக்குக் கட்டி ஆண்டுக்கணக்கில் அசையாமலும் கிடக்கும், அவர்களுக்கு அவசரப்பட்டு எதுவும் கொடுப்பதில்லை.

கேள்வி: அறுவைக்கு இன்னும் பத்து நாள். இடையில் பல்வலியோ வாந்தியோ வந்தால் என்ன செய்வது?

பதில்: ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: 'ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளது. மெட்டோகுளோபிரமைடு, குளுக்ககான், ஸ்டீராய்டு, ஆல்ஃபா இல்லாமல் பீட்டா அடைப்பு மருந்து வேண்டாம்.' மெட்டோகுளோபிரமைடு என்பது எங்கே போனாலும் யோசிக்காமல் போடும் வாந்தி ஊசி, அதனால்தான் பட்டியலில் முதலிடம். வாந்திக்கு ஆண்டன்செட்ரான் போடச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி கேளுங்கள். பல்லைப் பிடுங்குவது பத்து நாள் பொறுக்கும் என்றால் பொறுக்கட்டும்.

பி.பி. 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ குழப்பமோ பார்வை மங்கலோ வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் உட்காராதீர்கள். அவசரப் பிரிவில் வாசலிலேயே அட்டையை நீட்டுங்கள், இதயத் துடிப்பைக் குறைக்க ஊசி எடுக்குமுன் அதை அவர்கள் படிக்கவேண்டும்.